எல்லாம் திருமேனியாக உடையவனுக்குத் துக்கம் உண்டோ?

விஷயம்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாட் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றின் கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. கீழ்க்கட்டளை ஏரியின் மிகைநீர் நாராயணபுரம் ஏரி வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைவது பழைய ஏற்பாடு. அத்தகைய நீர்வழிகளை நெருக்கி எழுந்த தென்புறக் குடியிருப்புகள் பலவற்றில் நீர் புகுந்தது. அந்நாளில் ஸ்ரீவைஷ்ணவன் ஒருவன் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, பிற மதத்தினர் கேட்கும் கேள்வியைக் காட்டிலும் கடினமானது. ஈச்வரன் உலகைப் படைத்துப் புறத்தே நிற்பவன் என்பார்க்கு வெள்ளம் அவன் படைத்த பொருள்களுள் ஒன்று. ஸ்ரீவைஷ்ணவனுக்கோ வெள்ளமும் அவன் திருமேனி; அதில் மூழ்கிய வீடும் அவன் திருமேனி; வீட்டை இழந்து கூரைமேல் நின்றவனும் அவன் திருமேனி. திருமேனியில் இத்தனை நோவு இருக்க, திருமேனியை உடையவனுக்கு நோவு உண்டா, இல்லையா?

சேதநாசேதநங்கள் யாவும் எம்பெருமானுக்குச் சரீரம், அவன் அவற்றுக்கு ஆத்மா என்னும் சரீர-சரீரி பாவமே எம்பெருமானார் தரிசனத்தின் உயிர்நிலை. ப்ருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம் இதற்கு மூலம். ப்ருதிவியில் இருப்பவன், ப்ருதிவிக்கு உள்ளே நின்று அதை நியமிப்பவன், ப்ருதிவி அறியாதவன், ப்ருதிவியைச் சரீரமாக உடையவன் என்று தொடங்கி, நீர், நெருப்பு, காற்று எனப் படிப்படியாக ஏறி, ஆத்மா வரையில் அது இம்முறையிலேயே ஓதுகிறது. திருவாய்மொழியின் முதற் பதிகத்திலேயே நம்மாழ்வார் இப்பொருளை வெளியிட்டருளினார். இது அனைவரும் அறிந்ததே. ஆயினும் இக்காலத்தில் இந்தத் தரிசனத்தை ஆங்கிலத்தில் எழுதுவோர் இதற்குப் பெரும்பாலும் ஒரு பெயரை இட்டு, அத்துடன் ஆராய்ச்சி முடிந்ததாகக் கருதுகின்றனர். ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் க்ரவுஸே 1828இல் ஆக்கிய அச்சொல்லுக்கு, அனைத்தும் இறைவனுள் உள்ளன என்பது பொருள். அப்பெயர் நம் தரிசனத்தின் எவ்வளவு பகுதியைத் தொடுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை மேற்கூறிய கேள்வியையே உரைகல்லாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஸம்சயம்

ஐயம் இருதலைப்பட்டது. எம்பெருமானுக்கு உலகின் துக்கம் உண்டு எனின், அகில ஹேய ப்ரத்யநீகன், அதாவது எல்லாக் குற்றங்களுக்கும் எதிர்த்தட்டானவன் என்னும் லக்ஷணம் கெடும். இல்லை எனின், ஸமஸ்த கல்யாண குணாகரன் என்பதில் தலையாய குணமாகிய தயை பெயரளவில் நின்றுவிடும். நோவாதவன் இரங்குவது எங்ஙனம்? இவ்விரண்டு லக்ஷணங்களையும் ஒருங்கே நிலைநாட்டுவது ஸ்ரீபாஷ்யத்தின் உபயலிங்காதிகரணம் (3.2.11 முதல்). ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடும் விடை எதுவும் அவ்வதிகரணத்திற்கு முரணாகும்.

முதற் பூர்வபக்ஷம்: புறத்தே நின்று ஆள்பவன்

ஈச்வரன் நிமித்த காரணம் மட்டுமே என்பார் கொள்கை முதலாவது. குயவன் மண்ணைக் கொண்டு குடம் வனைகிறான். குயவன் மண்ணாகான், குடமும் ஆகான். குடம் உடைந்தால் குயவன் உடலில் கீறல் விழாது. நையாயிகரும் பாசுபதரும் இந்நிலையில் நின்றனர். இதில் ஒரு லாபம் உண்டு: ஈச்வரனுக்குத் தோஷம் தட்டாது. ஆனால் நஷ்டம் பெரிது. மண் குயவனுக்கு முன்னே இருந்தது. அதன் இருப்பு அவனைச் சார்ந்ததன்று. அத்தகைய ஈச்வரன் எல்லாவற்றுக்கும் ஆதாரமானவன் ஆகான். ப்ரக்ருத்யதிகரணத்தில் (1.4.23 முதல்) உபாதான காரணமும் ப்ரஹ்மமே என்று நிறுவி, பசுபத்யதிகரணத்தில் (2.2.35 முதல்) நிமித்த காரணம் மட்டுமே என்னும் பக்ஷத்தை ஸ்ரீபாஷ்யகாரர் மறுத்தருளியது இதனாலேயே.

மேலைநாட்டுப் பழைய ஈச்வரவாதம் குயவன் நிலையில் அப்படியே நிற்பதன்று. முன்னே கிடந்த மண் என்று ஒன்று அதற்கு இல்லை. இருப்பினும் துக்க விஷயத்தில் அது அடையும் முடிவு இதுவே. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ், படைப்புகளுக்கு இறைவனோடு உள்ள ஸம்பந்தம் மெய்யானது, இறைவனுக்குப் படைப்புகளோடு உள்ள ஸம்பந்தமோ நம் அறிவு கொள்ளும் அளவினது என்று கொண்டார். விகாரமற்றவனிடம் வேறொன்று எதையும் விளைவிக்கலாகாது என்பது அவர் கருதிய காரணம். ஆகவே அவ்விறைவன் அருள் செய்வான், ஆனால் வருந்தான். நோய் நீக்கும் மருத்துவனிடம் பரிவின் பயன் உண்டு, பரிவினால் வரும் வாட்டம் இல்லை என்பது போன்றது இது.

இவ்விடைவெளியை மேலும் வற்புறுத்திய வாதம் ஒன்று தாம்பரத்திலேயே பேசப்பட்டது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்கு இடம் மாறிற்று. மறு ஆண்டு டிசம்பரில் அவ்வளாகத்தில் அகில உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்கென டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், இறைவன் தன்னை வெளிப்படுத்துதல் வேறு, மனிதர்தம் சமயங்கள் வேறு, இவற்றிடையே தொடர்ச்சி இல்லை என்று வாதித்தது. இந்தியக் கிறிஸ்தவ அறிஞர் சிலரே அதற்கு உடனடியாக எதிர்வாதம் எழுதினர். இங்குக் கருதத்தக்கது அவர்களுடைய சமய விவாதமன்று. இறைவனைத் தூயவனாகக் காக்க வேண்டுமெனின் அவனை அப்பால் நிறுத்த வேண்டும் என்னும் எண்ணம் எத்துணை வலியது என்பதே கருதத்தக்கது. தூரத்தால் தூய்மையைக் காப்பது இப்பக்ஷத்தின் ஸாரம்.

இரண்டாம் பூர்வபக்ஷம்: தானே எல்லாம் ஆனவன்

இதற்கு எதிர்த்தலையில் பேதாபேதவாதிகள் நின்றனர். பாஸ்கரர் பக்ஷத்தில் உபாதிகளால் எல்லைப்பட்ட ப்ரஹ்மமே ஜீவன். யாதவப்ரகாசர் பக்ஷத்தில் சித்தும் அசித்தும் ஈச்வரனும் ப்ரஹ்மத்தின் மெய்யான அம்சங்கள். இப்பக்ஷங்களில் ஜீவன் படும் பாடு ப்ரஹ்மம் படும் பாடே. காஞ்சியில் இளமையில் யாதவப்ரகாசரிடம் வாசித்த எம்பெருமானார், பின்னர் வேதார்த்தஸங்க்ரஹத்தில் இதை ஓர் உவமையால் மறுத்தருளினார். தேவதத்தன் ஒருவனுக்கு ஒரு கையில் சந்தனம் பூசி வளையும் மோதிரமும் அணிவித்து, மற்றொரு கையை உலக்கை போன்ற கருவியால் நசுக்கித் தீயில் இட்டால், அவன் இன்புற்றிருக்கிறான் என்று கூறலாகுமா? ஈச்வர அம்சத்தில் ஆனந்தமும் ஜீவ அம்சத்தில் நரகமும் ஒரே வஸ்துவுக்கு என்றால், அந்த ஆனந்தம் எரியும் கையை உடையவனின் ஆனந்தமே.

இக்காலத்தவர் எல்லாம் இறைவனுள் என்று கூறுமிடத்து, பெரும்பாலும் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் சார்ல்ஸ் ஹார்ட்ஸ்ஹோர்ன் (1897–2000) வகுத்த வழியையே கருதுகின்றனர். அவர் உலகை இறைவனின் உடல் என்றே கூறினார். நம் உடலின் நுண்ணிய உயிரணுக்கள் ஊறுபட்டால் அது நமக்கு நோவாகத் தெரிகிறது. அதுபோல நாம் இறைவனின் உடலில் அணுக்கள், நம் நோவு அவனுக்கு நோவு என்பது அவர் விளக்கம். பழைய ஈச்வரவாதத்தின் வருந்தாத இறைவனை அவர் கடுமையாக மறுத்தார். உலகம் வளர வளர இறைவனின் அநுபவமும் வளரும் என்றும், உலகென ஏதேனும் ஒன்று இல்லாத இறைவன் இரான் என்றும் கொண்டார்.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது ஸ்ரீபாஷ்யத்தின் வாடை வீசுவது போலத் தோன்றும். உலகம் உடல் என்னும் சொல் ஒன்றே. இறைவன் குணமுடையவன் என்பதும் ஒன்றே. ஆனால் எம்பெருமானார் இதை நோக்கினால் யாதவப்ரகாசரின் தேவதத்தனையே இங்கும் காண்பார். நோவு உடலின் வழியே உடையவனைச் சென்று தாக்குகிறது என்றால், அதைத் தவிர்க்க அவனுக்கு ஸ்வாதந்த்ர்யம் இல்லை. வெள்ளத்தில் மூழ்கியவனோடு அவனும் மூழ்குகிறான். உடன் மூழ்குபவனிடம் கை நீட்டுவதால் ரக்ஷணம் உண்டோ?

ஸித்தாந்தம்: சரீர லக்ஷணத்தின் மூன்று அம்சங்கள்

முடிச்சு இருக்குமிடம் சரீரம் என்னும் சொல்லின் லக்ஷணம். நையாயிகர் சரீரத்தைச் செயலுக்கும் இந்த்ரியங்களுக்கும் அநுபவத்திற்கும் இடமாக வரையறுத்தனர். ஸ்ரீபாஷ்யம் 2.1.9இல் இந்த லக்ஷணம் மறுக்கப்படுகிறது. அஹல்யை முதலியோர் கல்லும் கட்டையுமாகக் கிடந்த காலத்தில் அச்சரீரங்களில் செயலும் இல்லை, இந்த்ரியமும் இல்லை. ஆயினும் அவை சரீரங்களே. எனவே சரீரம் என்பது உணர்ச்சி செல்லும் வாய்க்கால் அன்று. ஒரு சேதநன் தன் ப்ரயோஜநத்திற்காக எந்த த்ரவ்யத்தை எப்போதும் முழுதும் தாங்கவும் நியமிக்கவும் வல்லனோ, எந்த த்ரவ்யம் அவனுக்கே சேஷமாக இருப்பதையே ஸ்வரூபமாக உடையதோ, அது அவனுக்குச் சரீரம். இதுவே அங்கு அருளப்படும் லக்ஷணத்தின் பொருள். ஹார்ட்ஸ்ஹோர்னின் உடல் நையாயிகரின் உடலை ஒத்தது. எம்பெருமானாரின் சரீரமோ வேறு. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்று கொண்டதே இக்கால ஆய்வாளரின் முதற் பிழை.

ஆகவே உலகம் சரீரமாயிருப்பதனால் மட்டும் அதன் துக்கம் சரீரியைத் தாக்காது. 1.2.8இல் ஸூத்ரகாரரே இவ்வாக்ஷேபத்தை எழுப்பிப் பரிஹரிக்கிறார். ஒரே சரீரத்தினுள் ஜீவனும் பரமாத்மாவும் இருக்க, ஸுகதுக்க அநுபவம் இருவர்க்கும் ஒக்கும் அன்றோ எனின், ஒவ்வாது. சரீரத்தில் இருப்பது அநுபவத்திற்குக் காரணமன்று, கர்மவச்யனாயிருப்பதே காரணம் என்பது பாஷ்யத்தின் கருத்து. 2.1.14இல் மீண்டும் இவ்வாக்ஷேபம் வருமிடத்து, த்ரமிடாசார்யர் அருளிய அரசன் உவமை எடுத்தாளப்படுகிறது. கடிக்கும் ஜந்துக்கள் மலிந்த கொடிய இடத்தில் அரசன் இருக்க நேரினும், சாமரம் முதலியவற்றால் காக்கப்பட்ட அவன் உடலை அந்தத் தோஷங்கள் தீண்டா; அவன் அங்கிருந்தே நாட்டைக் காப்பான். அரசன் அவ்விடத்தை விட்டு அகலவில்லை என்பதே இவ்வுவமையின் உயிர். தூரத்தால் அன்றி, உள்ளிருந்தே தீண்டப்படாமை. முதற் பூர்வபக்ஷத்தின் லாபம் அதன் நஷ்டமின்றி இங்குக் கிட்டிற்று.

இனி லக்ஷணத்தின் மூன்று அம்சங்களையும் பிரித்து நோக்க வேண்டும். எம்பெருமான் ஆதாரம், உலகம் ஆதேயம் என்பது ஒன்று. அவன் நியந்தா, இது நியாம்யம் என்பது இரண்டாவது. அவன் சேஷி, இது சேஷம் என்பது மூன்றாவது. முதல் அம்சத்தால் எல்லாம் அவனுள் அடங்கும். இரண்டாம் அம்சத்தால் அவன் எல்லாவற்றையும் ஆளும் ஈச்வரன் ஆகிறான். பழைய ஈச்வரவாதி பெரிதும் பற்றி நிற்பது இரண்டாவதை. இக்காலத்துப் புதிய வாதி பெரிதும் பற்றி நிற்பது முதலாவதை. இருவர் பட்டியலிலும் காணாதது மூன்றாவது. தாங்குபவனும் ஆள்பவனும் ஒரு பொருளுக்கு உடையவனாக வேண்டும் என்னும் நியமம் இல்லை. தூண் கூரையைத் தாங்குகிறது. கூரை தூணுக்கு உரியதன்று. காவலன் சிறையை ஆள்கிறான். சிறைப்பட்டவன் காவலனுக்கு உறவல்லன். சேஷத்வம் ஒன்றுதான் இவன் என்னுடையவன் என்னும் மமதைக்கு இடம் தருவது. நம் துக்கத்தில் அவனுக்குப் பங்கு உண்டாயின், அப்பங்கு இவ்வழியே வர வேண்டும்.

ஆங்கிலம் அறிந்த கிறிஸ்தவ அறிஞருள் இக்கோட்பாட்டின் அருமையை உணர்ந்தவர் பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975). உலகம் இறைவனின் உடல் என்னும் எம்பெருமானார் கருத்தைத் தம் மதத்தினர்க்கு எடுத்துக்காட்டினார். ஜெர்மனியில் ருடால்ஃப் ஓட்டோ, ஸ்ரீவைஷ்ணவத்தை அருள்மதம் என்று கொண்டு 1930இல் நூல் எழுதினார். பிற மதத்தினர் இவ்வளவு கண்டது பாராட்டத்தக்கது. ஆயினும் இதைக் கையாள்வோர் யாவராயினும் லக்ஷணத்தின் மூன்று கால்களையும் ஒருங்கே ஏற்க வேண்டும். ஒன்றை எடுத்தால் முக்காலி நில்லாது.

தயையின் லக்ஷணம்

எஞ்சிய கேள்வி நம் ஸம்ப்ரதாயத்தினுள்ளேயே பேசப்பட்டது. இரு கலையார்க்கும் உள்ள பேதங்களைத் தொகுத்துரைப்போர் தயையின் லக்ஷணத்தையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுவர். பிள்ளை லோகாசார்யர், மணவாள மாமுனிகள் திருவடி ஸம்பந்தமுடையார், தயை என்பது பரதுக்க துக்கித்வம் என்பர். அதாவது பிறர் துக்கம் கண்டு தான் துக்கித்தல். வேதாந்த தேசிகர் திருவடி ஸம்பந்தமுடையார், தயை என்பது பரதுக்க நிராசிகீர்ஷை என்பர். அதாவது பிறர் துக்கத்தை நீக்க விரும்புதல். முந்தையோர் குணபூர்த்தியைக் காக்கின்றனர்; பிந்தையோர் தோஷமின்மையைக் காக்கின்றனர். உபயலிங்கத்தில் ஆளுக்கொரு லிங்கத்திற்குக் காவல் நிற்கின்றனர் என்பதே பொருந்தும். இதனை வெறும் கட்சிப் பூசலாகக் கருதுவது இவ்விரு ஆசார்யர்களுக்கும் செய்யும் அபசாரம்.

இரண்டாம் பக்ஷத்தின் பலம் வெளிப்படை. துக்கம் என்பது வேண்டாதது வந்து சேர்தல். ஸத்யஸங்கல்பனுக்கு அவன் வேண்டாதது எங்ஙனம் வந்து சேரும்? நீக்க விரும்பி நீக்குவதால் துக்கிதனுக்குப் பயன் முழுதும் கிடைத்துவிடுகிறது. நீக்குபவன் அழ வேண்டியதில்லை. மேலும், தேசிகர் தயையைக் குறைவாக மதித்தார் என்று கூற ஒண்ணாது. திருவேங்கடமுடையான் விஷயமான தயாசதகத்தில் தயையையே தேவியாக வைத்துப் பாடினார். தயை இல்லையேல் ஜ்ஞாநம், பலம் முதலிய மற்றைக் குணங்கள் யாவும் ஸம்ஸாரிகளுக்குத் தோஷங்களாகவே முடியும் என்றும் அருளினார். நம் குற்றம் அனைத்தும் அறிந்தவன், தண்டிக்க முழு வல்லமை உடையவன், தயை அற்றவன் என்றால் அவனைக் காட்டிலும் அஞ்சத்தக்கது வேறில்லை. பழைய ஈச்வரவாதத்தின் அஸ்திவாரத்தையே இக்கருத்து அசைக்கிறது.

முதற் பக்ஷத்தின் பலம் யாது? நிராசிகீர்ஷை என்பது ஓர் இச்சை. இச்சைக்கு நிமித்தம் வேண்டும். கடமையால் பிறர் நோவை நீக்குவோர் உளர். பொறுக்கமாட்டாமையால் நீக்குவோரும் உளர். இவருள் தயாளு என்று உலகம் அழைப்பது பின்னவரையே. ஸ்ரீமத் ராமாயணத்தில் அயோத்யா காண்டத்தின் இரண்டாம் ஸர்க்கத்தில், சக்ரவர்த்தித் திருமகனின் குணங்களைத் தசரதனிடம் எடுத்துரைக்கும் குடிமக்கள், மனிதர்க்குத் துன்பம் நேர்ந்தால் அவன் மிக வருந்துகிறான் என்பதையும், அவர்தம் விழாக்களில் தகப்பன் போல மகிழ்கிறான் என்பதையும் குணமாகவே கூறுகின்றனர். இதனை அவதாரத்தில் நிகழ்ந்த அபிநயம் என்று கொள்வாரும் உளர். ஆனால் கீதாபாஷ்யத்தின் நான்காம் அத்யாயத்தில் அவதாரம் மெய், கர்மத்தால் அன்றி இச்சையால் வந்தது, ஈச்வர ஸ்வபாவத்தைக் கைவிடாதது என்று எம்பெருமானார் நிறுவியருளினார். அவதாரம் மெய்யாயின் அதில் தோன்றிய குணம் மட்டும் பொய்யாதல் பொருந்துமா?

இனித் துக்கித்வம் ஹேயமாகாதோ என்னும் அச்சத்திற்கு மூன்றாம் அம்சமே விடை. முத்து ஒன்று சேற்றில் விழுந்தது எனக் கொள்வோம். சேறு ஒட்டுவது முத்தில். உடையவன் மேனியில் ஒரு துளியும் ஒட்டாது. ஆனால் இழவு முத்துக்கு அன்று. முத்துக்கு இழவு தெரியவும் தெரியாது. இழவு உடையவனுக்கே. தோஷம் சேஷத்தில், இழவு சேஷியிடத்தில். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதால்தான் இரு பூர்வபக்ஷிகளும் இடறினர். ஒருவர் தோஷம் தட்டலாகாது என்று இழவையும் மறுத்தார். மற்றவர் இழவு உண்டென்பதற்காகத் தோஷத்தையும் ஏற்றினார். ஜ்வரம் குழந்தைக்கு, உறக்கமின்மை தாய்க்கு. தாயின் உடலை அளந்தால் அதில் ஜ்வரம் இராது. அவளுக்கு வருத்தமும் இல்லை என்றால் அது அவளுக்குப் பெருமையன்று, குறைவு. கர்மத்தால் வரும் துக்கம் தோஷம். ஸம்பந்தத்தால் வரும் துக்கம் குணம்.

கீதாபாஷ்யம் 7.18 இதற்குச் சிறந்த ஸாக்ஷி. ஜ்ஞாநி தனக்கு ஆத்மா என்று கண்ணன் கூறுமிடத்தில், தன்னுடைய தாரணம் அவனைச் சார்ந்தது என்று தான் எண்ணுவதாகக் கருத்து உரைத்தருளினார் எம்பெருமானார். ஆத்மா சரீரத்தைத் தாங்கும் என்பது தத்த்வ நிலை. இங்கோ ஜகத்துக்கெல்லாம் ஆத்மாவானவன் தன் சரீரமான ஒருவனைத் தனக்கு ஆத்மா என்கிறான். தாங்குபவன் தாங்கப்படுபவனால் தான் தரித்திருப்பதாகச் சொல்கிறான். தத்த்வம் மாறிவிட்டதா? இல்லை. இது தன் மதம், தன் எண்ணம் என்றே அவன் சொல்கிறான். உலகமின்றித் தான் இரான் என்பது ஹார்ட்ஸ்ஹோர்ன் கூறும் இறைவனுக்கு ஸ்வரூப நியதி. அடியார் இன்றித் தான் தரியான் என்பது நம் பெருமானுக்கு ப்ரேமத்தால் தானே ஏற்ற பாரதந்த்ர்யம். முன்னது குறை, பின்னது நிறைவின் பெருக்கு. திருமாலிருஞ்சோலை விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தில் (10.7), விடத்தக்கதென்று ஆழ்வார் வெறுக்கும் ப்ராக்ருத சரீரத்தையே எம்பெருமான் தன் திருப்பதிகளைப் போல விரும்பி விடமாட்டாதிருந்தான், அதை விடுவிக்க ஆழ்வாரே அவனிடம் மன்றாட வேண்டியதாயிற்று என்று பூர்வாசார்யர்கள் வ்யாக்யாநித்தருளினர். எல்லாவற்றையும் அகப்படுத்தி நிற்பவன் ஒருவன் மேனியில் அகப்பட்டு நின்றான்.

எனவே பரதுக்க துக்கித்வம் என்னும் லக்ஷணமே சரீர லக்ஷணத்தின் மூன்றாம் அம்சத்தோடு நேரே இயைவது. நிராசிகீர்ஷை அதற்கு விரோதியன்று, அதன் விளைவு. தாயின் உறக்கமின்மை மருந்தைத் தேடுவதாக முடிவதுபோல, துக்கித்வம் நிராசிகீர்ஷையாக முடிகிறது. துக்கித்து நீக்காதவன் உதவான்; துக்கியாது நீக்குபவன் உறவாகான். தேசிகர் பக்ஷத்தின் காவல் இதனால் பழுதாவதில்லை. ஸ்வரூபத்தில் விகாரம் கொள்ளலாகாது என்னும் அவர் எச்சரிக்கை இல்லையேல், துக்கித்வ வாதம் வழுக்கி யாதவப்ரகாசர் மடியில் விழுந்துவிடும்.

ஓர் ஆக்ஷேபம்

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழும். அது எளிதன்று. துக்கிக்கவும் செய்கிறான், நீக்க வல்லமையும் உண்டு எனின், ஏன் தாமதிக்கிறான்? வெள்ளம் வடிய ஏன் பல நாள்? ஸம்ஸாரம் வடிய ஏன் அநாதி காலம்? நிராசிகீர்ஷா பக்ஷத்தில் ஒரு விடை உண்டு: சேதநனிடம் ஒரு வ்யாஜத்தை எதிர்பார்த்துப் பொறுக்கிறான். துக்கித்வ பக்ஷத்தில் அவ்வாறு கூறினால், பொறுக்கமாட்டாதவன் எதிர்பார்த்திருப்பது எங்ஙனம் என்று மறுகேள்வி வரும். சேதநனின் விலக்காமை ஒன்றையே அவன் பார்த்திருக்கிறான், இவன் விலக்கிக்கொண்டிருக்கும் நாளெல்லாம் அவனுக்கும் இழவு நாளே என்பது இவர்கள் விடை. இவ்விடை கர்மத்தால் விளைந்த ஸம்ஸாரத்திற்குப் பொருந்தும். ஆயினும் துக்கத்தின் நடுவே நிற்பவனுக்கு அது முழு விடையாகாது என்பதை மறைப்பது முறையன்று.

ஆழ்வாரே மறைக்கவில்லை. திருப்பேர்நகர் விஷயமான பதிகத்தில் (10.8), இன்று தம்மை ஒரு பொருளாக்கித் தம் நெஞ்சில் புகுந்தவன், அன்று புறத்தே போகவிட்டது ஏன் என்று எம்பெருமானை நேரே கேட்கிறார். பேறு பெற்ற பின்னரும் கேட்கிறார். எம்பெருமான் விடை சொல்ல மாட்டாது நின்றமையையே பூர்வர்கள் இங்கு அநுபவித்தனர். விடை இருந்திருப்பின் அது தர்க்கத்தின் வெற்றியாயிருக்கும். விடையற்று நின்றது, கேட்டவனின் நோவு அவனையும் தைத்தது என்பதைக் காட்டும். புறத்தே நின்று ஆள்பவனாயின் அவனுக்குக் கட்டளை இருந்திருக்கும். தானே எல்லாமானவனாயின் கேட்பவனே இரான். கேட்பவன் வேறாயும், கேட்கப்படுபவன் உடையவனாயும் இருந்தாலன்றி இக்கேள்வி எழாது.

ப்ரயோஜனம்

கீழ்க்கட்டளைக்கு மேற்கே சில கல் தொலைவில் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் ஸேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால், அது வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலவரலாறு. வெள்ளம் அன்றும் அவன் திருமேனியே; ஆயினும் அடியாரை அவனிடமிருந்து தடுத்தது. பின் ஆழ்வார் பெரிய திருமொழி 2.4இல் மங்களாசாஸநம் செய்தருளியபோது, திருநறையூர், திருவாலி, திருக்குடந்தை, திருக்கோவலூர் ஆகிய இடங்களில் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் ஸேவை ஸாதிப்பவனுக்கு இம்மலையே இடம் என்றார். அடிவாரத்தில் நீர்வண்ணனாய் நின்ற திருக்கோலம். மலைமேல் வீற்றிருந்த நரஸிம்ஹன், பள்ளிகொண்ட அரங்கன், உலகளந்த பெருமான்.

உலகளந்தவன் எல்லாவற்றையும் அகப்படுத்தினான் என்பது முதல் அம்சம். மாவலியிடமிருந்து மீட்டு ஆண்டான் என்பது இரண்டாம் அம்சம். தன்னுடைமையைத் தன் தாளால் தொட்டு எல்லார் தலைமேலும் வைத்தான் என்பது மூன்றாம் அம்சம். ஸந்நிதியில் நிற்பவன் தன் இழவைச் சொல்லும்போது, கல்லிடம் சொல்கிறோமோ என்று ஐயுற வேண்டா. தன்னோடு மூழ்கியவனிடம் சொல்கிறோமோ என்றும் ஐயுற வேண்டா. இழந்தவனைக் காட்டிலும் இழவை அறிந்த உடையவனிடம் சொல்கிறான். எல்லாம் இறைவனுள் என்று மட்டும் கூறும் பெயர் இந்த உறவைத் தொடவில்லை. சரீரம் என்னும் சொல்லை எடுத்தாள்வோர் சேஷத்வத்தையும் எடுத்தாள்வார்களாயின், எம்பெருமானார் தரிசனம் எந்தப் பெயரின் கீழும் அடங்காது தனித்து நிற்பதைக் காண்பர்.